சம்பளமில்லாத பொலிஸ்காரர்

அமெரிக்காவின் சிறு நகரங்களில், நகரசபைக் கட்டடத்தின் அறிவித்தற் பலகையிலும் உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் ஒரே விதமான அழைப்பொன்றை அடிக்கடி காணலாம். ரிசேர்வ் பொலிஸ் சேவைக்குத் தொண்டர்கள் தேவை என்பதே அது. சீருடை உண்டு, பொலிஸ் சின்னம் உண்டு, பல இடங்களில் இடுப்பில் துப்பாக்கியும் உண்டு. சம்பளம் மட்டும் இல்லை. பகலில் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவரும் கடை நடத்துபவரும் மாதத்தில் இரண்டு இரவுகள் பொலிஸ் வாகனத்தில் ஏறி ஊரைச் சுற்றி வருகின்றனர்.

இது அமெரிக்கரின் உள்வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவில் பொலிஸ் உத்தியோகத்தராக வர விரும்புபவர் பிரஜையாகவோ, பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த நிரந்தர வதிவாளராகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. 2022இல் நிறைவேற்றப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று அதனை நீக்கியது. மத்திய சட்டத்தின்படி வேலை செய்ய உரித்துடையவராக இருந்தால் போதும் என்பது இப்போதைய விதி. இல்லினோய் மாநிலம் 2024இல் அதே வழியிற் சென்றது. அகதி அந்தஸ்துப் பெற்ற ஒருவர், பிரஜாவுரிமைக்காகப் பல வருடங்கள் காத்திராமலே, பொலிஸ் சேவையின் கதவைத் தட்டலாம் என்பதே இதன் பொருள். சம்பள உத்தியோகத்துக்குப் போவதற்கு முன்னர் தொண்டராகச் சேர்ந்து பார்ப்பது பலருக்கு இலகுவான முதற்படியாகத் தோன்றும். ஆகவே, எமது பிள்ளைகள் இந்தச் சீருடையை அணியலாமா என்ற கேள்வி எமது வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

சிறு நகரங்களுக்கு இத் தொண்டர்கள் ஏன் தேவைப்படுகின்றனர் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 பொலிஸ் அமைப்புகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பொலிஸ் இலாகாக்களுள் ஏறத்தாழ அரைவாசி, பத்துக்கும் குறைவான முழுநேர உத்தியோகத்தரைக் கொண்டவை. நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ் மா அதிபர் என்ற அமைப்பைப் பார்த்துப் பழகிய எமக்கு இது விசித்திரமாகவே தோன்றும். எட்டுப் பேர் கொண்ட இலாகாவில் ஒருவர் நோயுற்று, இன்னொருவர் நீதிமன்றில் சாட்சி சொல்லப் போய்விட்டால், அன்றிரவு ரோந்துக்கு ஒருவரே மிஞ்சுவார். ஊர்த் திருவிழா, பாடசாலை உதைபந்தாட்டப் போட்டி, வெள்ளம், காட்டுத்தீ என்று எது வந்தாலும் மேலதிக நேரக் கொடுப்பனவு நகரசபையின் கணக்கைத் துளைத்துவிடும். சம்பளம் கேட்காத பத்துப் பேர் அங்கே வரப்பிரசாதம்.

எனினும் தொண்டர் என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கலிபோர்னியாவின் சட்டம் ரிசேர்வ் உத்தியோகத்தரை மூன்று தரங்களாகப் பிரிக்கிறது. மூன்றாந் தரத்தினர் கைது செய்யும் நிலை ஏற்படக்கூடிய பணிகளுக்கு அனுப்பப்படுவதில்லை. போக்குவரத்தை ஒழுங்கு செய்தல், கைதிகளை ஏற்றிச் செல்லுதல் போன்ற உதவிப் பணிகளே அவர்களுக்குரியவை. இரண்டாந் தரத்தினர் முழுப் பயிற்சி பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் ரோந்து செல்லலாம். முதலாந் தரத்தினர் மட்டுமே தனித்து இயங்கலாம். அதற்கு அவர்கள் சம்பளம் பெறும் பொலிஸார் கற்கும் அதே அடிப்படைப் பயிற்சியை, அதாவது குறைந்தது 664 மணித்தியாலங்களை, முடித்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் ஒருவர் இதனை வார இறுதிகளிலும் மாலைகளிலும் கற்று முடிக்க ஒரு வருடம்வரை பிடிக்கும். இவ்வளவும் செய்துவிட்டு இலவசமாக வேலை செய்ய ஒருவர் முன்வருகிறார் என்றால் அவரை ஏளனம் செய்ய எமக்கு மனம் வரவில்லை.

சட்டமும் அவரை முற்றாகக் கைவிடவில்லை. கடமையிற் காயமுற்றால் கலிபோர்னியாவில் அவர் தொழிலாளி என்றே கொள்ளப்பட்டு நட்டஈடு பெறுவார். கடமையில் உயிரிழக்கும் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு உதவும் 1976ஆம் ஆண்டின் மத்திய திட்டம், சம்பளம் பெற்றவர், பெறாதவர் என்று வேறுபாடு காட்டுவதில்லை. மறுபுறத்தில், ஓர் இலாகாவில் சம்பளம் பெறும் பொலிஸ்காரர் அதே இலாகாவில் அதே பணியை இலவசமாகச் செய்ய முடியாது என்று தொழிற் சட்டத்தில் 1985இல் செய்யப்பட்ட திருத்தம் கூறுகிறது. நகரசபைகள் தமது ஊழியரை நெருக்கித் தொண்டு வாங்கக்கூடாது என்பதற்கான காப்பு அது. நியாயமான ஏற்பாடுதான்.

அப்படியாயின் நோய் எங்கே இருக்கிறது? பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைப் பார்த்தால் அது தெரியும்.

2015 ஏப்பிரல் 2ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சாவில், சட்டவிரோதத் துப்பாக்கி விற்பனை ஒன்றைப் பிடிக்கும் நடவடிக்கையின்போது, நிராயுதபாணியான எரிக் ஹாரிஸ் என்ற 44 வயதுக் கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஷெரீஃப் அலுவலகத்தின் தொண்டர் உத்தியோகத்தர், வயது 73, தொழிலாற் காப்புறுதி நிறுவன நிருவாகி. டேசர் எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவியை எடுப்பதாக எண்ணிக் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்றார் அவர். துல்சா சிறு நகரமன்று. ஆனால் அங்கு வெளிவந்த கதை எந்தச் சிறு நகரத்துக்கும் பொருந்தும். அவர் அந்த அலுவலகத்துக்கு வாகனங்களும் கருவிகளும் அன்பளிப்புச் செய்தவர். ஷெரீஃபின் 2012 தேர்தற் பிரசாரத்துக்குத் தலைமை வகித்தவர். அவருடைய பயிற்சிக் குறைபாடுகளைக் கண்டுகொள்ளாதிருக்கும்படி மேலதிகாரிகள் நெருக்கப்பட்டனர் என்று அலுவலகத்தின் உள்ளக விசாரணை ஒன்று 2009இலேயே எழுதி வைத்திருந்தது. அந்த அறிக்கை ஆறு வருடங்கள் உறங்கியது. 2016இல் யூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். நான்கு வருடச் சிறை விதிக்கப்பட்டது. ஷெரீஃப் அதற்கு முன்னரே பதவி இழந்திருந்தார்.

இதைவிட விநோதமானது நியூ மெக்சிக்கோவின் லேக் ஆதர் என்ற சிற்றூரின் கதை. அங்குள்ள மக்கள் ஏறத்தாழ 430 பேர். அப்போது முழுநேரப் பொலிஸ் அதிகாரி ஒரேயொருவரே இருந்தார். ரிசேர்வ் உத்தியோகத்தரோ 84 பேர் இருந்தனர். இவர்களிற் பலர் அந்த ஊரவர் அல்லர். தொலைதூர மாநிலங்களில் வாழ்ந்தவர்கள். நியூயோர்க்கில் வாழ்ந்த கோடீஸ்வர முதலீட்டாளர் ரொபேர்ட் மேர்சரும் அவர்களுள் ஒருவராக இருந்தார் என்று 2018இல் புளூம்பேர்க் செய்தி நிறுவனம் எழுதியபோதுதான் நாடு வியந்தது. காரணம் எளிது. பொலிஸ் உத்தியோகத்தர் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று 2004இல் மத்திய சட்டம் ஒன்று வந்தது. எத்தனை பணம் இருந்தாலும் நியூயோர்க்கில் அப்போது எளிதிற் பெறமுடியாதிருந்த அனுமதியைப் பாலைவனத்து ஊரொன்றின் சின்னம் தந்துவிட்டது. 430 பேருக்கு 84 காவலர்! எமது கோவில் திருவிழாவிற்கூட இவ்வளவு தொண்டர்கள் நிற்பதில்லை.

இரண்டு கதைகளிலும் தொண்டர் நகரத்துக்கு உழைப்பைக் கொடுக்கவில்லை. வேறொன்றைக் கொடுத்துச் சின்னத்தைப் பெற்றார். அன்பளிப்புக் கொடுத்தவரைப் பயிற்சியில் தோல்வியுறச் செய்ய எந்த அதிகாரிக்குத் துணிவு வரும்? சம்பளம் வாங்குபவரை நிறுத்திவிடலாம், தரம் குறைக்கலாம். சம்பளம் கொடுக்காதவனுக்குக் கட்டளையிட நகரசபை கூச்சப்படுகிறது. இலவசமாகக் கிடைத்த காவலின் விலையை இறுதியிற் செலுத்துபவர் பெரும்பாலும் ஏழையாக, கறுப்பராக, ஆங்கிலம் பேசத் தடுமாறுபவராக இருக்கிறார்.

இதே கேள்வியை ஏனைய நாடுகள் வேறு விதமாகச் சந்தித்தன. கனடாவின் மத்திய பொலிஸ் 1963 முதல் துணைக் கொன்ஸ்டபிள்களை வைத்திருந்தது. அவர்களிடம் துப்பாக்கி இல்லை. 2015 ஜனவரியில் அல்பேர்ட்டாவின் சென் அல்பேர்ட் நகரில், சூதாட்ட விடுதி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு கொன்ஸ்டபிள் உயிரிழந்தார்; அவருடன் சென்ற துணைக் கொன்ஸ்டபிள் காயமுற்றார். ஒரு வருடத்தின் பின்னர் துணைக் கொன்ஸ்டபிள்கள் ரோந்து வாகனத்திற் செல்வதையே மேலிடம் நிறுத்தியது. தொண்டரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கு கிடைத்த பதில் அது. பல சிறு நகரங்கள் முணுமுணுத்தன. பின்னர் சேவை தரம் பிரிக்கப்பட்டு மீண்டும் அமைக்கப்பட்டது.

பிரித்தானியாவில் 1831ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து வளர்ந்த விசேட கொன்ஸ்டபிள்களுக்குச் சம்பளப் பொலிஸாரின் முழு அதிகாரமும் உண்டு, துப்பாக்கி இல்லை. 2012இல் 20,000க்கு மேல் இருந்த அவர்களின் தொகை 2024இல் ஏறத்தாழ 6,000 ஆகச் சுருங்கியது. அங்கு இப்போது கவலை வேறு: ஆள் கிடைப்பதில்லை.

எமது வாசகர்கள் பலருக்குத் துணைப்படை என்ற சொல்லைக் கேட்டதுமே வயிற்றைக் கலக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1980களில் இலங்கை அரசு எல்லைக் கிராமங்களில் சிங்கள, முஸ்லிம் ஊரவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து ஊர்காவற் படைகளை அமைத்தது. சில வாரப் பயிற்சி, சொற்பக் கொடுப்பனவு, எதிரே அயற்கிராமத்துத் தமிழன். கிழக்கில் என்ன நடந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அனுபவித்தவர்கள் இப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிறார்கள். அப்படை 2006இல் சிவில் பாதுகாப்புப் படையாக மாற்றப்பட்டு நிரந்தரமாயிற்று. அமெரிக்கச் சிறு நகரத்தின் ரிசேர்வ் பொலிஸை இதனோடு சமப்படுத்துவது தவறு. அங்கு நீதிமன்றம் இருக்கிறது, யூரிகள் இருக்கிறார்கள், உறங்கிய அறிக்கையை எழுப்பும் பத்திரிகை இருக்கிறது. ஆனால் அரைப் பயிற்சியும் முழு அதிகாரமும் ஒரு மனிதனிடம் சேரும்போது என்ன நிகழும் என்பதை எமக்கு எவரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை.

எமது சமூகத்தைப் பொறுத்தவரை இன்னொரு பிரச்சினை இதனிலும் கூர்மையானது. 1996ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத் திருத்தம், உள்ளூர்ப் பொலிஸ் மத்திய குடிவரவு அதிகாரிகளோடு உடன்படிக்கை செய்து அவர்களின் சில அதிகாரங்களைப் பெற இடமளித்தது. நெடுங்காலம் சிலரே செய்த இவ்வுடன்படிக்கைகள் 2025இல் பல மடங்காகப் பெருகின. சிறைச்சாலை நடத்தும் ஷெரீஃப்கள் இதிற் சேர்ந்தே ஆகவேண்டும் என்று புளோரிடா அதே ஆண்டில் விதித்தது. கலிபோர்னியாவோ 2017ஆம் ஆண்டின் சட்டத்தால் தனது உள்ளூர்ப் பொலிஸை இவ் வேலையிலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே எந்த மாநிலம், எந்த நகரம் என்பதைப் பொறுத்து அதே சீருடை வெவ்வேறு பொருள் கொள்கிறது. உடன்படிக்கையின்கீழ் விசேட பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவருக்கே குடிவரவு அதிகாரம் உண்டு. ரிசேர்வ் தொண்டருக்கு அது பெரும்பாலும் வராது. ஆனால் விசா முடிந்த நிலையில் ஒளித்து வாழும் குடும்பம், கதவைத் தட்டும் தமிழ்ப் பையனின் நியமனக் கடிதத்தை வாசித்துப் பார்த்தா அஞ்சப் போகிறது? கணவனின் அடி தாங்காமல் பொலிஸை அழைக்க நினைக்கும் பெண், வருபவர் தன் மொழி பேசுபவர் என்பதால் ஆறுதலடைவாளா, அல்லது ஊர் முழுக்கச் செய்தி போகும் என்று தொலைபேசியை வைத்துவிடுவாளா? இரண்டும் நடக்கும் என்றே நாம் கருதுகிறோம். மொழி தெரிந்த ஒருவர் வாகனத்தில் இருப்பதன் பெறுமதியை, மொழிபெயர்ப்பாளரின்றிப் பொலிஸ் நிலையத்தில் ஓரிரவு இருந்தவர் அறிவார்.

இணைய விரும்பும் இளைஞரை நாம் தடுக்கமாட்டோம். ஆனால் விண்ணப்பப் படிவம் சாதாரணமானதன்று என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பின்னணி விசாரணையில் முன்னைய முகவரிகள், உறவினர், தொழில் கொடுத்தோர், அயலவர் எல்லோரும் வருவார்கள். பல இலாகாக்களில் பொய்யறியும் கருவியும் உண்டு. எம்மிற் பலர் வேறு பெயரிற் கடவுச்சீட்டெடுத்து, மூன்று நாடுகள் கடந்து வந்தவர்கள். அகதி மனுவிற் சொல்லியதற்கும் இப்படிவத்தில் எழுதுவதற்கும் இடையில் திகதியோ பெயரோ முரண்பட்டால் வேலை போவதோடு கதை முடியாது. கையொப்பமிடுமுன்னர் அகதி வழக்கை நடத்திய சட்டத்தரணியிடம் பழைய கோப்பை எடுத்துக்கொண்டு போவது அவசியம்.

நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் உரிமை விண்ணப்பிப்பவருக்கும் உண்டு. எத்தனை மணித்தியாலப் பயிற்சி, அதற்கு யார் பணம் கொடுப்பது, ரோந்தில் அருகில் இருப்பவர் யார், தவறு நேர்ந்தால் வழக்குச் செலவை நகரசபை ஏற்குமா, குடிவரவு அதிகாரிகளோடு உடன்படிக்கை உண்டா, ரிசேர்வ் உத்தியோகத்தருள் எத்தனை பேர் அந்த ஊரில் வாழ்பவர்கள் என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் பொலிஸ் இலாகாக்கள் தமது விதிகளையும் பயிற்சிக் குறிப்புகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது 2020 முதல் நடைமுறையில் உள்ளது. ஏனைய மாநிலங்களில் நகரசபைக் கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து நின்று கேட்கவேண்டியிருக்கும்.