ஈயப்பற்றா, பிரேசிங்கா: குளிரூட்டிக் குழாய் கேட்கும் கேள்வி

ஏப்ரல் மாதத்தில் புனே நகரின் வெப்பநிலை 40 டிகிரியைத் தொடும்போது, வீடுதோறும் ஒரே வாக்கியம் ஒலிக்கிறது: "ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்." இவ்வாக்கியத்திலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. குளிர்பதன வாயு பெட்ரோலைப் போலச் செலவாகித் தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்ச் சுற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் சுழல வேண்டியது அது. அது குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். அவ்வாறு கசியும் இடங்களுள் முதலில் ஐயுறத்தக்கது குழாய்களின் இணைப்பு.

செம்புக் குழாய்களை இணைக்கச் சால்டரிங் எனும் ஈயப்பற்று, பிரேசிங் என இரு முறைகள் உண்டு. இரண்டிலும் செம்பு உருகுவதில்லை. அதன் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ். இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் நிரப்பு உலோகம் மட்டுமே உருகிப் பரவுகிறது. அந்த உலோகம் 450 டிகிரிக்குக் கீழ் உருகினால் ஈயப்பற்று, மேல் உருகினால் பிரேசிங். வரையறையில் வேறுபாடு இவ்வளவே. விளைவில் அது மிகப் பெரிது.

வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்றுலோகம் 183 டிகிரியிலேயே உருகிவிடும். கம்பிரஸரிலிருந்து வாயு வெளியேறும் குழாயோ கடுங்கோடையில் 100 டிகிரியை எட்டக்கூடும். கெல்வின் அளவில் கணக்கிட்டால், அந்நிலையில் பற்றுலோகம் தன் உருகுநிலையின் ஐந்தில் நான்கு பங்கைக் கடந்து நிற்கிறது. அத்தகைய உலோகம் இடைவிடாத அழுத்தத்தின்கீழ் மெல்ல மெல்ல நெகிழும். செம்பும் பாஸ்பரஸும் கலந்த பிரேசிங் கம்பியோ 710 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. அதே சூட்டில் அது தன் உருகுநிலையின் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட எட்டுவதில்லை.

அழுத்தமும் முன்பிருந்த அளவில் இல்லை. 50 டிகிரியில் பழைய ஆர்-22 வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய 19 பார். இன்றைய ஆர்-32 வாயுவுக்கு 31 பார். அன்று எப்படியோ தாங்கிய இணைப்பு இன்றும் தாங்கும் என்று நம்ப இடமில்லை.

ஈயப்பற்றுக்கு ஆதரவான வாதமும் பொருளற்றதன்று. பிரேசிங்கின் கடுஞ்சூடு செம்பை இளக்கி அதன் கடினத்தைக் குறைக்கிறது. அருகிலுள்ள வால்வுகளின் உட்பாகங்களைக் கருக்கவும் கூடும். வெள்ளி கலந்த வெள்ளீயப் பற்று குளிர்ந்த, குறைந்த அழுத்தக் குழாயில் நன்றாகவே உழைக்கும். ஆயினும் வால்வின்மேல் ஈரத்துணியைச் சுற்றினால் சூட்டைத் தடுக்கலாம். உயரழுத்தக் குழாயில் நெகிழும் பற்றுலோகத்துக்கு அத்தகைய மாற்று இல்லை. எனவே பிரேசிங்கே சரியான தேர்வு.

ஆனால் தேர்வோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 700 டிகிரிக்கு மேல் சூடேறும் செம்புக் குழாயின் உட்சுவர், உள்ளிருக்கும் காற்றோடு வினைபுரிந்து கருஞ்செதிள்களை உண்டாக்கும். வாயுவும் எண்ணெயும் அச்செதிள்களை அரித்துச் சென்று வடிகட்டியையும் கேப்பிலரி குழாயையும் அடைக்கும். இதைத் தவிர்க்க, பற்றவைக்கும் நேரம் முழுவதும் குழாய்க்குள் நைட்ரஜனை மெல்லச் செலுத்த வேண்டும். நைட்ரஜன் இல்லாத பிரேசிங், கசியாத இணைப்பையும் பழுதான இயந்திரத்தையும் ஒருசேரத் தரும். அதேபோல், பாஸ்பரஸ் கலந்த கம்பி எஃகுக்கு ஒவ்வாது. அங்கு இணைப்பு நொறுங்கும். எஃகு சேரும் இடத்தில் பாஸ்பரஸ் இல்லாத வெள்ளிக் கம்பியும் ஃபிளக்ஸும் வேண்டும்.

புனேயை அடுத்த ரஞ்சன்காவ் பகுதியில் எல்ஜி, ஹையர் போன்ற பெருநிறுவனங்களின் ஆலைகள் உள்ளன. ஆலைக்குள் செய்யப்படும் இணைப்புக்கு உரிய கருவியும் சோதனையும் உண்டு. நான்காம் மாடிச் சுவரில் தொங்கியபடி மெக்கானிக் செய்யும் இணைப்புக்கு அவை வாய்ப்பதில்லை. நைட்ரஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிச் செல்லும் கூலியையும், கசிவுச் சோதனைக்கு ஆகும் ஒரு மணி நேரத்தையும் தர வாடிக்கையாளர் மறுக்கிறார். குறைந்த விலை கேட்பவருக்குக் குறைந்த வேலையே கிடைக்கிறது. அடுத்த கோடையில் மீண்டும் கேஸ் நிரப்பப்படுகிறது. 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சியளிப்பதை இலக்காக வைத்தது. பயிற்சி பெற்ற கைக்கு உரிய கூலி கிடைக்காவிட்டால் அப்பயிற்சி சான்றிதழாகவே நின்றுவிடும்.

கசியும் ஒரு கிலோ ஆர்-32, நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்குகிறது. அது எளிதில் பற்றாவிட்டாலும் எரியக்கூடிய வாயுவே. ஆகவே, வாயுவை முறையாக மீட்டெடுத்து நைட்ரஜனால் குழாயைத் துடைக்காமல் தீச்சுடரை அருகில் கொண்டுசெல்வது மெக்கானிக்கின் உயிரோடு விளையாடுவதாகும்.

"கேஸ் நிரப்ப எவ்வளவு?" என்ற கேள்வியை இனி மாற்றிக்கொள்வது நல்லது. "எங்கே கசிகிறது? நைட்ரஜன் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, அதற்குரிய கூலியையும் மனமுவந்து தர வேண்டும். நல்ல இணைப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.