ஜீப்பின் நீள்கைகள்: தடை மட்டும் போதுமா?

பாறையும் மணலும் நிறைந்த வழியில் செல்லும் வண்டிக்கு நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் தரையைத் தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். தரையைத் தொடாத சக்கரம் வீணே சுழலும். அதுமட்டுமன்று, சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள அச்சில், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் சுழலச் சுழல, தரையிலுள்ள அதன் துணைச் சக்கரமும் இழுக்கும் திறனை இழந்துவிடுகிறது. இதனாலேயே மலைச்சரிவிலும் ஆற்றுப்படுகையிலும் வண்டி ஓட்டுவதில் ஈடுபாடுடையோர் தம் வண்டியின் சஸ்பென்ஷனை மாற்றியமைக்க விரும்புகின்றனர். அத்தகைய மாறுதல்களுள் ஒன்று நீள்கை சஸ்பென்ஷன் ஆகும். வெல்டிங் இயந்திரமும் இரும்பு அறுக்கும் கருவியும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் இவ்வேலை வீட்டு முற்றத்திலேயே நடைபெறுகிறது. சட்டம் இதற்கு இடந்தரவில்லை. எனினும் வேலை நிற்கவுமில்லை. தடை ஒன்றினாலேயே இதனைத் தீர்த்துவிடலாம் என்று இருப்பது விஞ்ஞான மனப்பான்மைக்கு ஏற்றதன்று என்பதே இங்கு கூறப்படும் கருத்து.

மகிந்திரா நிறுவனத்தார் 1940-களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய நாள் முதல், நம் நாட்டு ஜீப் வண்டிகள் நெடுங்காலம் கமான் பட்டைகளின் மீதே ஓடின. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியும் அவ்வகையே. கமான் பட்டை எளிய சாதனம். உடைந்த பட்டையைச் சாலையோரக் கம்மியர் ஒருவர் ஒரே பிற்பகலில் மாற்றிவிடுவார். அதன் சிறப்பு, எடையைத் தாங்குவதோடு அச்சை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் வேலையையும் தானே செய்துவிடுவது. குறையும் அதிலேயே இருக்கிறது. அச்சைப் பிடித்து நிறுத்தவேண்டிய பட்டை மிகவும் நெகிழ முடியாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சிறு மேடுபள்ளங்களில் இறுக்கமும் காட்டும். 1970-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டி சுருள்வில்லை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2020-இல் வந்த புதிய தார் வண்டியின் பின்னச்சிலும், 2023-இல் வந்த ஜிம்னியின் இரு அச்சுகளிலும் சுருள்வில்லே உள்ளது. பழைய வண்டியை வைத்திருப்போர் தாமும் அவ்வாறு செய்துகொள்ளலாம் என்று எண்ணுவது இயற்கையே. ராணுவம் கழித்துவிட்ட பாகங்களைக்கொண்டு ஜீப்புகளை உருவாக்குவதில் பெயர்பெற்ற ஹரியானா மாநிலத்து மண்டி டப்வாலி போன்ற ஊர்களின் கைத்திறனைப் பார்த்தவர்களுக்கு, இதுவும் முடியாததாகத் தோன்றாது.

ஆனால் சுருள்வில் எடையை மட்டுமே தாங்கும். அச்சை முன்னும் பின்னும், இடமும் வலமும் நகராமல் பிடிக்க அதனால் இயலாது. அவ்வேலைக்குக் கைகள் வேண்டும். அச்சின் கீழ்ப்புறத்திலிருந்து சாஸிக்குச் செல்லும் இரண்டு கீழ்க்கைகள். அச்சு தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாதபடி தடுக்கும் மேற்கைகள். பக்கவாட்டு நகர்ச்சியைத் தடுக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்டு தண்டு, அல்லது அதற்குப் பதிலாகச் சாய்வாக அமைந்த மேற்கைகள். இவ்வளவே நீள்கை சஸ்பென்ஷனின் உறுப்புகள். பெயரில் உள்ள 'நீளம்' ஏன் வேண்டும் என்பதைப் பள்ளி வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

கணக்கை எளிதாக்கக் கீழ்க்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒரு முனை சாஸியில் நிலையாக உள்ளது. அச்சிலுள்ள மறுமுனை வட்டத்தின் வில்லாக நகர்கிறது. தொழிற்சாலையில் கை ஏறத்தாழக் கிடைமட்டமாக அமைக்கப்பட்டிருக்கும். வண்டியை 100 மில்லிமீட்டர் உயர்த்தினால், 400 மில்லிமீட்டர் நீளமுள்ள குறுங்கை நின்ற நிலையிலேயே 14½ பாகை சாய்ந்துவிடும். சக்கரம் ஒரு பள்ளத்தில் மேலும் 150 மில்லிமீட்டர் இறங்கினால் சாய்வு 39 பாகையை எட்டும். அச்சு தன் இடத்தை விட்டு 75 மில்லிமீட்டர் பின்னோ முன்னோ நகர்ந்துவிடும். கையின் நீளம் 900 மில்லிமீட்டராக இருந்தால் அதே பள்ளத்தில் சாய்வு 16 பாகையே. நகர்ச்சி 30 மில்லிமீட்டரே. பித்தகோரஸ் தேற்றம் கற்ற மாணவன் எவனும் இதைத் தானே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.

முன்னச்சில் இதன் விளைவை நன்றாகக் காணலாம். பாறையின் மீது ஏறும் சக்கரம் மேலே போவதோடு சற்றுப் பின்னும் ஒதுங்குமானால் அடி மெல்லியதாகப் படும். சரிவாகக் கீழ்நோக்கி நிற்கும் குறுங்கையோ சக்கரம் மேலே எழும்போது அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. அதாவது பாறையின் மீதே மோதச் செய்கிறது. உயர்த்தப்பட்ட வண்டிகள் சாலையில் 'உதைக்கின்றன' என்று டிரைவர்கள் குறைகூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே நீள்கையை விரும்புவோரின் நோக்கத்தில் பிழையில்லை. ஜியோமிதி அவர்கள் பக்கமே நிற்கிறது.

பலம் பற்றிய கணக்கு அவ்வளவு தயவு காட்டுவதன்று. வீட்டில் செய்யப்படும் வேலைகளில் பெரும்பாலும் விடப்படுவதும் இக்கணக்கே. 1,600 கிலோகிராம் எடையுள்ள வண்டி நல்ல சாலையில் பலமாகப் பிரேக் போடும்போது, முன்சக்கரங்கள் இரண்டிற்கும் தரையில் எழும் விசை ஏறத்தாழ 900 கிலோகிராம் எடைக்குச் சமமாகலாம். கீழ்க்கை அச்சோடு சேரும் இடம் தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்திலும், மேற்கை அதற்கு 150 மில்லிமீட்டர் மேலேயும் இருப்பதாகக் கொண்டால், நெம்புகோல் விதிப்படி மேற்கைகள் ஏற்கவேண்டிய விசை 1,800 கிலோகிராம். கீழ்க்கைகள் ஏற்கவேண்டியது 2,700 கிலோகிராம். இடைவெளியை 250 மில்லிமீட்டராக்கினால் இவை முறையே 1,080 ஆகவும் 1,980 ஆகவும் குறையும். பிராக்கெட்டை எவ்வளவு உயரத்தில் பற்றவைப்பது என்பது கண்ணளவில் தீர்மானிக்கத்தக்கதன்று என்பதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

கை நீள நீள அது பலவீனப்படுகிறது என்பதும் கவனத்திற்குரியது. அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும் விஷயத்தில் தண்டின் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவது ஆய்லர் கண்ட விதி. ஆகவே அதே குழாயில் 400 மில்லிமீட்டர் கைக்கு உள்ள திறனில் ஐந்தில் ஒரு பங்கே 900 மில்லிமீட்டர் கைக்கு இருக்கும். மேலும் நீள்கை வண்டியின் வயிற்றுக்கடியில் வெகுதூரம் ஓடுவதால் பாறை அதன் நடுவிலேயே உட்காரும். வண்டியின் ஒரு மூலையின் எடை, அதாவது 400 கிலோகிராம், கையின் நடுவில் அசையாமல் இறங்குவதாகவே வைத்துக்கொள்ளலாம். வெளிவிட்டம் 40 மில்லிமீட்டரும் கனம் 4 மில்லிமீட்டரும் உள்ள குழாயில் அப்பொழுது தோன்றும் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 240 நியூட்டன். சாதாரண எஃகு நிலையாக வளைந்துவிடும் எல்லை ஏறத்தாழ 250. எடை அசையாமல் இறங்காது, குதித்தே இறங்கும் என்பது மலைப்பாதையில் சென்ற களப் பணியாளர் அனைவரும் அறிந்ததே. அத்தகைய குழாய், முதல் பாறையிலேயே வளைந்துவிடும். கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைக் கொண்டு கை செய்வோரும் உண்டு. அது பலத்திற்கும் ஆகாது, பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை உடலுக்கும் ஆகாது.

கைகளை மாற்றினால் கைகளோடு வேலை முடிவதில்லை. ஸ்டியரிங்கின் இழுகோலும் பான்ஹார்டு தண்டும் ஒரே சாய்விலும் நெருங்கிய நீளத்திலும் அமையாவிட்டால், சக்கரம் மேலெழும்போதெல்லாம் வண்டி தானே திரும்ப முயலும். அச்சு சற்றே சுழன்று பொருந்தினாலும் காஸ்டர் கோணம் குறைந்து, வேகத்தில் ஸ்டியரிங் நிலையிழக்கும். புரொப்பெல்லர் ஷாப்டின் நெகிழ் இணைப்புகள் தாங்கத்தக்க கோணத்தைத் தாண்டக்கூடாது. பிரேக் ரப்பர் குழாயின் நீளமோ, சக்கரம் முழுதும் தொங்கும் நிலையில் அளக்கப்படவேண்டியது. நின்ற நிலையில் அளந்த குழாய் பள்ளத்தில் இழுபட்டு அறுந்துவிடும். வண்டி புரளும் அபாயமும் வளர்கிறது. இருபக்கச் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் அகலமும், புவியீர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள வண்டி கணக்குப்படி 45 பாகைச் சரிவில் புரளும். மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 41 பாகையாகிவிடும். டயரும் வில்லும் நெகிழ்வதால் உண்மையில் இதற்கும் குறைந்த சரிவிலேயே வண்டி சாயும்.

இத்தனையையும் கண்டு, இவ்வேலையே கூடாது என்று சொல்லுவோர் பலர். சட்டமும் அவ்வாறே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றுதல் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்துள்ளது. பொதுச் சாலையில் பிறர் உயிரும் அடங்கியிருப்பதால் இக்கண்டிப்பு நியாயமானதே. இதனை மீறிச் செயற்படுமாறு எவருக்கும் இங்கு கூறப்படவில்லை.

ஆயினும் தடையின் மற்றொரு விளைவையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மறைத்துச் செய்யப்படும் வேலையைத் தகுதியுள்ள எவரும் பார்வையிடுவதில்லை. பற்றவைத்த இடத்தில் விரிசல் உண்டா என்று சோதிக்க ஆளில்லை. நன்றாகச் செய்தவனுக்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு செய்தவனுக்கும் சட்டத்தின் முன் வேற்றுமையில்லை. ஆகவே நன்றாகச் செய்வதற்குத் தூண்டுதலும் இல்லை. ஜெர்மனியில் வண்டியை மாற்றியவர் அதனைத் தனிப் பரிசோதனைக்குக் கொண்டுசென்று, தேறினால் மாற்றத்தைப் பதிவுப் பத்திரத்திலேயே குறித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் மாற்றங்களுக்கென்றே ஒரு தேசிய நடைமுறைத் தொகுதி இருக்கிறது. பெரிய மாற்றத்திற்கு அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் சான்று அளித்தாக வேண்டும். இவ்விரு நாடுகளும் சாலைப் பாதுகாப்பில் அலட்சியமானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பெட்ரோல் வண்டியில் இயற்கை எரிவாயுச் சாதனம் பொருத்துவதற்கு, சோதனை நிலையம் ஒப்புதல் அளித்த சாதனம், அதிகாரம் பெற்ற பட்டறை, பதிவுப் பத்திரத்தில் குறிப்பு என்று ஒழுங்கான வழி ஏற்கெனவே உண்டு. அழுத்தமேறிய எரிவாயுவை ஒப்புக்கொள்ளும் அமைப்பு, நான்கு இரும்புக் கைகளைக் கண்டு அஞ்சவேண்டிய காரணம் விளங்கவில்லை. 1966 முதல் புனேயில் இயங்கிவரும் மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்கள் அளவுத் திட்டங்களை வகுத்துத் தரலாம். மாவட்டந்தோறும் உள்ள பாலிடெக்னிக்குகளில் பரிசோதனையை நடத்தலாம். இவ்வாறு வழிதிறந்தால் ஆர்வமற்றவரும் இதில் இறங்கிவிடுவர் என்பது ஓர் ஆட்சேபம். கட்டணமும் கணக்குத் தாளும் பரிசோதனையும் எதிரில் நிற்கும்போது விளையாட்டாக இறங்குவோர் குறைவர் என்றே எதிர்பார்க்கலாம். அரசாங்கக் களப் பணி வண்டிகள் மட்டும் இதற்கு எக்காலத்தும் புறம்பாகவே இருத்தல் வேண்டும். அவற்றில் ஏறுவோர் தாமே தேர்ந்துகொண்ட அபாயத்தில் ஏறுவதில்லை.

அவ்வழி திறக்கும் வரையில் கற்பதற்குத் தடையில்லை. தடித்த அட்டை, நான்கு ஊசிகள், ஓர் அளவுகோல் ஆகியவற்றால் ஆசிரியர் ஒரு பாடவேளையில் நீள்கையின் மாதிரியைச் செய்துவிடலாம். ஐந்தில் ஒரு பங்கு அளவில் கைகளை வெட்டி, சாஸிக்குப் பதிலாகப் பலகையில் ஊசியால் பொருத்தி, அச்சு முனையில் பென்சிலை வைத்து நகர்த்தினால் சக்கரத்தின் பாதை தாளிலேயே பதியும். குறுங்கை வரைந்த கோட்டையும் நீள்கை வரைந்த கோட்டையும் ஒரே தாளில் கண்ட மாணவனுக்கு நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. பொறியியல் மாணவர்க்கோ மூடிய களத்தில் மட்டும் ஓடும் வண்டியைத் தாமே உருவாக்கிப் போட்டியிட, 2007 முதல் நடைபெறும் பாஹா போட்டி இருக்கிறது. அங்கே வண்டி களத்தில் இறங்குமுன் நுட்பப் பரிசோதனையில் தேறவேண்டும்.

பாலிடெக்னிக்கில் நடத்தக்கூடிய பரிசோதனையும் கடினமானதன்று. முதலில் கைகளின் நீளம், இடைவெளி, குழாயின் விட்டம், கனம் ஆகியவற்றோடு மேலே கண்ட விசைக் கணக்கையும் உரிமையாளர் தாளில் எழுதித் தரவேண்டும். பின்னர் வில்களைக் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் மேலெல்லை வரை ஏற்றியும் கீழெல்லை வரை இறக்கியும், ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கியும் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் எதிலும் உரசாமையையும், பிரேக் குழாய் இழுபடாமையையும், ஷாப்ட் இறுகாமையையும் குறித்துக்கொள்ளலாம். பற்றவைத்த இடங்களைத் துலக்கி, விரிசல்காட்டும் சாயத்தைப் பூசிச் சோதிப்பதற்கு வேண்டிய பொருள் சிறு பெட்டிக்குள் அடங்கும். சாஸியின் மேல்கீழ்த் தகடுகளுக்குக் குறுக்கே வெல்டிங் ஓடியிருந்தால் அவ்வண்டியை அங்கேயே நிராகரித்துவிடலாம். சாஸி முறியத் தொடங்கும் இடம் அதுவே. தேறிய வண்டியை 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, போல்ட்டுகளின் இறுக்கத்தையும் புஷ்களின் தேய்மானத்தையும் பார்த்த பிறகே பதிவுப் பத்திரத்தில் குறிப்பு எழுதப்படவேண்டும்.