கடலை விளையும் ஊரில் வெண்ணெய்க்கு மாற்று எதற்கு?

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இப்போது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். திருப்பதியில் இருப்பவர்களில் சிலர் பக்தியோடு உடற்பயிற்சியாகவும் இருக்கட்டுமே என்று அலிபிரியின் 3,550 படிகளையும் ஏறி வருகிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம்தான். தகராறெல்லாம் வீடு திரும்பிய பிறகு சாப்பாட்டு மேசையில்தான். பிள்ளை நெய்யைத் தொடமாட்டேன் என்கிறான். பாட்டியோ, நெய் இல்லாமல் பொங்கலா என்கிறார். இருவரையும் சமாதானப்படுத்த மார்ஜரின், ஆலிவ் எண்ணெய், 'பீநட் பட்டர்' என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்குகிறோம்.

அந்தப் பீநட் பட்டர் டப்பாதான் எனக்குச் சிரிப்பை மூட்டுகிறது. சித்தூர்ச் சீமை மானாவாரி நிலக்கடலைக்குப் பேர்போனது. பரப்பு முன்னைவிடக் குறைந்துவிட்டாலும், நம் அக்கம்பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் ராகி சங்கட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் செனக்காய் ஊருபிண்டி இன்றும் உண்டு. வறுத்த கடலையை மிளகாய், உப்பு, புளியோடு அரைப்பதுதானே அது! அதே கடலையை வறுத்துத் தோல் நீக்கி, மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை ஓடவிட்டால் பீநட் பட்டர் தயார். சர்க்கரை வேண்டாம், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமலிருக்கப் பல கம்பெனிகள் சேர்க்கும் இறுகிய கொழுப்பும் வேண்டாம். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்பை மட்டும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். அறுவடையில் மழை பட்ட கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும்; அது ஈரலைக் கெடுக்கும்; வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 100 கலோரி. அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 7 கிராம். அதே அளவு கடலை விழுதிலும் கலோரி ஏறத்தாழ அவ்வளவேதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை, இரண்டு கிராமுக்குள் அடங்கிவிடும். 4 கிராம் புரதமும் கிடைக்கும். ஆக, நல்லது என்பதற்காகக் கரண்டி கரண்டியாக வழித்துத் தின்றால் தொந்தி குறையாது. இதைப் பிள்ளைகளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

நெய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-இல் திருமலை லட்டுக்கான நெய்யைப் பற்றிய புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், அக்டோபரில் சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அமைக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த ஊர்களில் நெய் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்காத வீடு அபூர்வம். நியாயமான கவலைதான். ஆனால் சுத்தமான நெய்யிலும் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பே. சுத்தமா என்று கேட்ட நாம், எத்தனை கரண்டி என்று கேட்டோமா? ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கரண்டி நெய்யைப் பாட்டியின் பொங்கலிலிருந்து பிடுங்குவது அநாவசியம் என்பது என் கட்சி. ஆனால் நெய் மருந்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இப்போது கிளம்பியிருக்கும் பேச்சை நம்புவதற்கில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான். அதில் நிறைவுற்ற கொழுப்பு நெய்யைவிடவும் அதிகம்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. 1937-இல் டால்டா வந்த நாள்முதல் ஏழைக்கு நெய்யாக இருந்த வனஸ்பதி, எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி இறுக்கியது. அந்த முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி, நல்லதை இறக்கிவிடும். நம் நாட்டில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் சாயங்காலக் கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரியும் பஜ்ஜிக்கு எந்த லேபிளும் கிடையாது. காலையில் ஆலிவ் எண்ணெய், மாலையில் பேக்கரி பஃப் என்றால் என்ன பயன்?

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்திருந்தது. மற்றவர்களுக்கு 59 வாக்கில். சொந்த ஊரை விட்டு வந்து, உட்கார்ந்தே வேலை பார்த்து, வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் தோளில் சுமக்கும் வயது அது.

1918-இல் நம் குன்னூரில் தொடங்கி 1958-இல் ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 27 கிராம் என்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி வாங்கினால் போதும். போன மாத மளிகைச் சீட்டை எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நெய்யையும் மார்ஜரினையும் விட்டுவிடாமல்.