வரப்பை அழிக்காமல் நீர் மாற்றுதல்

இணையப் பக்கங்களைக் குறித்து ஓர் அபிப்பிராயம்
(ஓர் அரசாங்க விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

நமது சஞ்சிகையில் விதை, உரம், பூச்சி நிவாரணம் ஆகிய விஷயங்களையே எதிர்பார்க்கும் மிராசுதார் கனவான்களும் கிராம உத்தியோகஸ்தர்களும், இணையப் பக்கத்தைப் பற்றிய இவ்வியாசத்தைக் கண்டு இது நமக்கு எதற்கென்று எண்ணக்கூடும். ஆயினும் இந்நாளில் பட்டா, சிட்டா பார்ப்பதும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து விலையை அறிவதும், மேட்டூர் நீர்மட்டத்தைக் கவனித்து நாற்று விடும் நாளைத் தீர்மானிப்பதும், பயிர்க் காப்பீட்டுக்கு மனுச் செய்வதும் பெரும்பாலும் கைப்பேசித் திரையின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே அத்திரை செம்மையாக அமைந்திருக்கிறதா என்பது, மதகு செம்மையாக இருக்கிறதா என்பதைப் போலவே விவசாயத்தைச் சேர்ந்த விஷயமாகும்.

சென்ற சம்பாப் பருவத்தில், என் சரகத்துக் கிராமமொன்றில் அறுபது வயது கடந்த மிராசுதார் ஒருவர் காப்பீட்டு மனுவைத் தாமே கைப்பேசியில் பூர்த்தி செய்ய முனைந்தார். கண் நீரழுத்த நோயால் அவருக்குப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் என்னும் வசதியை அவருடைய பேத்தி பழக்கி வைத்திருந்தாள். பெயர், சர்வே நம்பர், வங்கிக் கணக்கு யாவற்றையும் நிதானமாக உள்ளிட்டு, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினார். யாதொரு சப்தமுமில்லை. மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் மௌனம். மனு சேர்ந்துவிட்டதெனக் கருதிக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். தற்செயலாக நான் நோக்கியபோது, திரையின் மேற்புறத்தில் உட்பிரிவு எண்ணைக் குறிப்பிடும்படி சிவப்பெழுத்தில் ஒரு வரி தோன்றியிருந்தது. அதை நான் சொன்னதும், முந்தின இடத்துக்குப் போகலாமென்று பின்செல்லும் விசையை அவர் அழுத்த, மனு முழுவதும் மறைந்துபோயிற்று. மறுநாள் கடைசி நாள். "நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, சார்" என்றார். அவர் தப்பாக ஒன்றையும் அழுத்தவில்லை.

குற்றம் எங்கே என்பதை அறியப் பக்கம் மாறும் விதத்தைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னாளில் ஒரு சுட்டியை அழுத்தினால், பிரௌசர் என்னும் உலாவியானது பழைய பக்கம் முழுவதையும் எறிந்துவிட்டுப் புதுப் பக்கத்தைத் தலை முதல் கால் வரை வரவழைக்கும். நீர்மட்டத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை மாற்றுவதற்காகத் தலைப்பும் படங்களும் பட்டியல்களும் திரும்ப வரவேண்டியிருந்தன. ஒரு மூலையில் வாடும் நாற்றுக்காக வயல் முழுவதையும் வடித்து மறுபடி பாய்ச்சுவதற்கு இது ஒப்பாகும். 1999ஆம் வருஷத்தில் மைக்ரோசாப்ட் கம்பெனியார் தமது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்பில், பக்கம் இருந்தபடியே இருக்க, வேண்டிய விவரத்தை மட்டும் கேட்டு வாங்கும் உபாயமொன்றை வைத்தனர். 2004இல் வந்த ஜிமெயிலும் 2005இல் வந்த கூகிள் மேப்ஸும் இவ்வுபாயத்தின் சிறப்பை உலகறியச் செய்தன. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டார். சிக்னல் நலிந்த கிராமங்களில் இது பெரும் உபகாரம் என்பதில் ஐயமில்லை. ஆதலால் இம்முறையையே அடியோடு விட்டுவிட வேண்டுமென்று வாதிக்கும் என் சகாக்கள் சிலரோடு நான் ஒத்துப்போவதற்கில்லை.

ஆனால் பழைய முறையில் உலாவி தானாகவே செய்துவந்த சில வேலைகள் இருந்தன. புதுப் பக்கம் வந்ததும் வாசிப்புக் கருவி அதன் தலைப்பைப் படித்து, வந்து சேர்ந்த இடத்தை அறிவிக்கும். வந்த வழியும் நினைவிலிருக்கும். பின்செல்லும் விசை அவ்வழியே திருப்பி அழைத்துச் செல்லும். புதிய முறையிலோ இவற்றையெல்லாம் பக்கத்தை அமைப்பவரே செய்துதர வேண்டும். அவர் செய்யாவிடில் நீர் மாறுகிறது, கூடவே வரப்பும் கரைந்துவிடுகிறது.

விற்பனைக் கூடத்தில் குமாஸ்தா ஒருவர் கரும்பலகையில் நிலக்கடலையின் பழைய விலையை அழித்துப் புது விலையை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுள்ளவர் பார்த்துக்கொள்வர். பார்வையற்றவர் பலகையினருகிலேயே நின்றாலும், குமாஸ்தா வாய்விட்டுச் சொன்னாலன்றி அறியமாட்டார். இவ்வாறு வாய்விட்டுச் சொல்வதற்கென்றே, 2014 மார்ச்சில் நிர்ணயமான 'அரியா' என்னும் குறிப்பு முறையில் 'லைவ்' பகுதி என ஓர் ஏற்பாடு உண்டு. பக்கத்தின் ஒரு பகுதிக்கு அக்குறிப்பை இட்டுவிட்டால், அங்கே எழுத்து மாறியவுடன் வாசிப்புக் கருவி அதைப் படித்துச் சொல்லும். அதிலும் இரண்டு வகை: கேட்பவர் கேட்டுக்கொண்டிருப்பது முடியும்வரை பொறுத்திருந்து சொல்வது ஒன்று, இடைமறித்து உடனே சொல்வது மற்றொன்று. விலை மாற்றத்துக்கு முன்னதே போதும். மனு நிராகரிக்கப்பட்டது போன்ற அவசரத்துக்கே பின்னது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சொல்லும் ஆள் முன்கூட்டியே பலகையண்டை நின்றிருக்க வேண்டும். விலை எழுதும்போதே ஆளையும் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தினால், எழுதின விலை பல சமயங்களில் சொல்லப்படாமலே போய்விடும். அதாவது அப்பகுதி காலியாகவேனும் பக்கத்தில் முதலிலிருந்தே இருக்கவேண்டும். இதை அறியாமையால், குறிப்பை இட்டும் பயனில்லாமற்போன பக்கங்கள் பல. இதற்கு மாறாக, நொடிக்கொருதரம் மாறும் எண்ணையெல்லாம் உரக்கச் சொல்லும்படி வைப்பவரும் உளர். அது சந்தை இரைச்சலை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருவதேயாகும். தானாக மாறிக்கொண்டே இருக்கும் பட்டியலை நிறுத்திவைக்க ஒரு பொத்தானும் அவசியம்.

முகவரி விஷயம் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு சர்வே நம்பர் பத்துப் பங்காகப் பிரிந்தும் உட்பிரிவு எண் ஏற்படாதிருந்தால் என்ன குழப்பம் நேரும்! திரையில் தாலுகா மாறி, கிராமம் மாறி, பட்டா விவரமும் வந்தபின் மேலேயுள்ள முகவரி மட்டும் முகப்புப் பக்கத்தினதாகவே நின்றால், அதை மற்றொருவருக்கு அனுப்பவும் முடியாது, பின்செல்லவும் முடியாது. உள்ளடக்கம் மாறுந்தோறும் முகவரியையும் மாற்றி, உலாவியின் நினைவில் ஒரு படியாகப் பதிவதற்குப் 'புஷ்ஸ்டேட்' என்னும் கட்டளை உண்டு. 2014 அக்டோபரில் முடிவான ஹெச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பிலேயே அது அடங்கியுள்ளது. பதிந்தால் மட்டும் போதாது. பின்செல்லும்போது அந்தப் படிக்குரிய விவரத்தையும், பாதி நிரப்பிய மனுவையும் மீட்டுத் தரவேண்டும்.

மேலும், அழுத்திய பொத்தானே பக்கத்திலிருந்து மறைந்துவிட்டால், விசைப்பலகையால் நடப்பவர் நின்ற இடம் தெரியாது போகிறார். பக்கத்தின் உச்சியிலிருந்து மறுபடி இறங்கி வரவேண்டியிருக்கிறது. புதிய பகுதியின் தலைப்புக்கு அவரைக் கொண்டுபோய் விடுதல் முறை. சுட்டி என்பது மெய்யான சுட்டியாகவே, தனக்கென முகவரியுடன் இருக்கட்டும். வெறும் படத்தைச் சுட்டிபோல் வேஷமிட்டு வைத்தால் டாப் விசைக்கு அது அகப்படாது. மெய்ச் சுட்டியாயின், சிக்னல் கோளாறால் நிரல் வந்து சேராவிட்டாலும், சர்வரிலும் அம்முகவரிக்குரிய பக்கம் வைக்கப்பட்டிருந்தால், அழுத்தினவுடன் முழுப் பக்கமாவது வரும்.

பார்வையற்றோர் எத்தனை பேர், அவர்களுக்காக இவ்வளவு சிரமமா என்று கேட்பவர் உண்டு. கண்புரை முற்றிய முதியவர், சித்திரை வெயிலில் வயல்நடுவே திரை தெரியாமல் தவிப்பவர், கை நடுக்கமுள்ளவர், இ-சேவை மையத்தில் சுட்டெலி பழுதாகி விசைப்பலகையால் மட்டும் வேலை பார்க்கும் பெண் ஆகிய எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்வர். நிலம் பெரும்பாலும் முதியோர் பேரில் இருக்கிறதென்பதையும் மறக்கலாகாது. தயவு தாட்சணியத்தின்பேரில் கேட்பதுமன்று. 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2009 முதல் வழங்கிவரும் இந்திய அரசாங்க இணையதள வழிகாட்டு நெறிகளும் இதை வேண்டுகின்றன. நிலைச் செய்திகளை வாசிப்புக் கருவி அறியச் செய்யவேண்டுமென்று 2018 ஜூனில் வெளியான சர்வதேச விதித்தொகுப்பும் கூறுகிறது. 2025 ஏப்ரல் 30இல் சுப்ரீம் கோர்ட்டார், மின்னணு வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழங்கும் ஜீவிக்கும் உரிமையின் ஒரு கூறே எனத் தீர்ப்பளித்துள்ளனர்.

நம் நேயர்களில் பலர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளிலும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களிலும் நிர்வாகிகளாக இருக்கிறார்கள். அச்சங்கங்கள் விலைப் பட்டியலுக்கும் உறுப்பினர் கணக்குக்கும் பக்கம் அமைக்கக் காண்டிராக்டுக் கொடுத்து வருகின்றன. முன்பின் பாராமல் பில்லில் கையெழுத்திடுதல், முளைப்புத் திறன் பாராமல் விதை வாங்குவதற்கொப்பாகும். சுட்டெலியை ஒதுக்கிவைத்து, டாப் விசையாலும் என்டர் விசையாலும் மட்டும் ஒரு மனுவை முழுவதும் நிரப்பிப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுச் சமர்ப்பியுங்கள். பிழை காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். மூன்று இடம் சென்று மூன்று முறை பின்செல்லுங்கள். அரை மணிக்கு மேலாகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் காண்டிராக்டரிடமே பக்கத்தைத் திருப்பிவிடலாம். இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவைத்தல் நலம்.

நான் மேற்சொன்ன மிராசுதாரின் மனுவை அன்றிரவே மறுபடியும் நிரப்பிச் சேர்ப்பித்தோம். அப்பக்கத்தை நடத்துவோருக்குக் குறைகளை விவரித்து எழுதியிருக்கிறேன். கடந்த வாரம் பார்த்தபோது சிவப்பு வரி முன்போலவே சப்தமின்றித் தோன்றிற்று; ஆகையால் இவ்வருஷமும் கடைசி நாளுக்குமுன் அவர் வீட்டுக்குப் போவதாக உத்தேசித்திருக்கிறேன்.