துளைதானே என்கிறார்கள்

புல்மோட்டைக் கருமணலைப் பற்றிப் பேச்செடுத்தால் நமது இலக்கியக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, "மணலுக்குள் அணுகுண்டு கிடக்கிறது, அந்நியன் அள்ளுகிறான்" என்று அலறும். மற்றது, "துளைபோட்டுத்தானே பார்க்கிறான், தோண்டவா செய்கிறான்?" என்று ஆறுதல் சொல்லும். இரண்டும் நம்மை ஏமாற்றுகின்றன.

முதலாவதை முதலில் முடிப்போம். திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது அந்தக் கரை. மணலில் நூற்றுக்கு 70 பங்களவு இல்மனைற்று. மிச்சத்தில் றூட்டைல், சேர்க்கன். மோனசைட்டு நூற்றுக்கு அரைப் பங்கும் தேறாது. தோரியம் இருப்பது அந்த மோனசைட்டுக்குள்தான். யுரேனியம் அதனிலும் சொற்பம். தோரியம் அப்படியே எரிபொருளுமாகாது, உலைக்குள் யுரேனியம் 233 ஆக மாறினால்தான் பயன். குண்டுக் கதை பரவப் பரவ, நியாயமான கேள்வி கேட்பவனையும் பைத்தியக்காரனென்று தள்ளிவிட அதிகாரிகளுக்கு வசதியாகிறது.

நியாயமான கேள்வி இதுதான். இல்மனைற்றையும் றூட்டைலையும் பிரித்தெடுத்தபின் கழிவில் மோனசைட்டின் செறிவு கூடும். அக்கழிவு எங்கே குவிகிறது? அதன் கதிரியக்கத்தை அளப்பவர் யார்? அங்கே கூலிக்குப் போகும் நம் பிள்ளைக்கு அந்தக் கணக்கைத் தமிழில் சொல்பவர் யார்?

இனி அந்த ஆறுதல்காரர்களுக்கு. மன்னார்த் தீவைப் பாருங்கள். அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டானியம் சாண்ட்ஸ் கம்பனி அங்கே துளைதுளையாய் இட்டது. துளையில் கண்டது ஆங்கிலத்தில் அந்தச் சந்தைக்குப் போயிற்று. தன் வளவுக்கடியில் இருப்பதன் பெறுமதியைப் பேசாலைக்காரன் அறியுமுன் அவுஸ்திரேலியாவில் பங்கு வாங்குபவன் அறிந்தான். துளைதான் விலைப்பட்டியலின் முதல் வரி. அந்த வரி எழுதப்படும்போது வாய்மூடி இருந்துவிட்டு, கடைசி வரியில் கூச்சலிட்டுப் பயனில்லை.

புல்மோட்டையில் அந்த முதல் வரி எப்போதோ எழுதியாயிற்று. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் பிறந்தது. 1992இல் அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனியாயிற்று. 1997 செப்ரெம்பரில் இல்மனைற்று ஏற்ற வந்த கோர்டியாலிட்டி கப்பல் தாக்கப்பட்டது. யுத்தத்துக்குக்கூட இந்த மணலின் விலை தெரிந்திருந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் கருமணல் கப்பலேறிப் போகிறது. வெளியே வெள்ளைச் சாயமாக மாறி, பெயின்ற் வாளியில் திரும்பிவருகிறது. அதை நாமே காசு கொடுத்து வாங்கிச் சுவருக்குப் பூசுகிறோம்.

எழுத்தாளர்களே, இதில் நமக்கும் பங்குண்டு. கரைவலையை எழுதினோம், வாடைக்காற்றை எழுதினோம். அதே வாடைக்காலம் ஆண்டுதோறும் கரையில் கொண்டுவந்து ஒதுக்கும் கருமணலை எழுதவில்லை. அது வரும் தலைமுறைக்கான அமானிதம் என்று மேடையில் சொன்னால் போதாது. இந்தக் கரையோரத்தில் இனி எங்கே துளை விழுந்தாலும், எத்தனை துளை, எவ்வளவு ஆழம், என்ன கிடைத்தது, நிலத்தடி நீருக்கு என்ன ஆகும் என்ற விபரம் குச்சவெளிப் பிரதேச செயலகத்திலும் ஊர்ப் பள்ளிவாசல் அறிவித்தற் பலகையிலும் தமிழில் தொங்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் முதல் மனுவை எழுதத் தெரிந்தவர்கள் நாம்தானே?