சங்கம் யாரைக் கேட்டு ஆதரவு தருகிறது?

2022 பிப்ரவரி. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு நான்கைந்து நாட்கள் இருக்கும். வடசென்னையில் ஒரு குடியிருப்பில், காலை வேலை முடித்து வந்த தூய்மைப் பணியாளர்களோடு உட்கார்ந்திருந்தேன். பி.எஃப். பிடித்தம் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். நடுவில் சங்க நிர்வாகி ஒருவர் வந்து ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். ‘துப்புரவுத் தொழிலாளர்களின் ஏகமனதான ஆதரவு பெற்ற வேட்பாளர்’ என்று அதில் போட்டிருந்தது. இருபது வருடமாகத் தெரு பெருக்கும் ஒரு அக்கா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

“ஏகமனதான்னா இன்னா தம்பி?”

“எல்லாரும் ஒண்ணா ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம்கா.”

“எங்கள யாரும் கேக்கவே இல்லியே.”

அந்த நோட்டீஸ் எந்தக் கட்சியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும். நம் ஊரில் பெரிய தொழிற்சங்கங்களில் பல ஏதோ ஒரு கட்சியோடு சேர்ந்தவை. தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கப் பேரவை, காங்கிரசுக்கு ஐ.என்.டி.யு.சி., இடதுசாரிகளுக்கு சி.ஐ.டி.யு.வும் ஏ.ஐ.டி.யு.சி.யும். கூட்டணி மேலே முடிவாகும். வார்டு யாருக்கு என்பதும் மேலே முடிவாகும். அதற்குப் பிறகு சங்கம் ‘ஆதரவு’ தெரிவிக்கும். தொழிலாளி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. வேட்பாளருக்குத் தொழிலாளியை ஒப்படைக்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சலித்துப்போய், ‘சங்கத்துக்கு அரசியல் எதற்கு, சம்பளப் பிரச்சினையை மட்டும் பார்த்தால் போதாதா’ என்று கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. ஒரு தனியார் ஆலைத் தொழிலாளி தன் முதலாளியை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. தூய்மைப் பணியாளரின் கதை வேறு. அவரை மாநகராட்சி நேரடியாக வேலைக்கு வைப்பதா, ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுப்பதா என்பது மாமன்றத்தின் முன்னால் தீர்மானமாக வருகிறது. அங்கே கை தூக்குகிறவர் கவுன்சிலர். ஆக, உள்ளாட்சித் தேர்தல் என்பது இந்தத் தொழிலாளிக்கு முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அதில் சங்கம் வாய் திறக்கக் கூடாது என்றால் வேறு எதில் திறப்பது?

இன்னொரு காரணமும் உண்டு. நகரத்துக்குள் இருந்த நம் குடியிருப்புகளை இடித்து, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து சென்னையின் தெருக்களைச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022 தேர்தலின்போது பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை. அது ஒரு ஊராட்சி. அங்கே வாக்காளராகப் பதிவானவர், தன் கூலியை முடிவு செய்யும் மாமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது. அவருக்கு அந்தத் தேர்தலில் இருக்கும் ஒரே குரல் சங்கம்தான். அந்தக் குரலையும் அவரைக் கேட்காமல் கொடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சம்?

அப்படிக் கொடுத்ததன் விலையை 2025இல் பார்த்தோம். 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பிரியா மேயரானார். சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர். நாம் மகிழ்ந்தோம், அதில் தவறில்லை. அவர் வென்ற வார்டு திரு.வி.க. நகர் மண்டலத்தில் இருக்கிறது. அதே மாமன்றம் 2025 ஜூனில் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. மாதம் 23,000 ரூபாய் அளவில் வாங்கிவந்தவர்கள், தனியாரிடம் போனால் சம்பளத்தில் பல ஆயிரம் குறையும் என்று சொல்லி ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள். 2021 தேர்தல் அறிக்கையில் ஆளுங்கட்சி கொடுத்த பணி நிரந்தர வாக்குறுதியை நினைவுபடுத்தினார்கள். பதின்மூன்றாம் நாள், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

இடதுசாரிக் கட்சிகள் தனியார்மயத்தை எதிர்த்துப் பேசின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எதிர்ப்பு வந்தது தீர்மானத்தின் காலத்தில். 2022இல் ஆதரவு கொடுத்தபோது, ‘தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன்’ என்று வேட்பாளரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு சங்கத்தைக்கூட நான் வேலை செய்த பகுதிகளில் பார்க்கவில்லை. எழுதி வாங்காத வாக்குறுதிக்குப் பிறகு கணக்குக் கேட்க முடியாது. தலித் ஒருவர் பதவியில் இருப்பதும், தலித் தொழிலாளிக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் பதவியில் இருப்பதும் ஒன்றல்ல.

திரு.வி.க. நகர் என்ற பெயரையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. அது புளியந்தோப்புக் கலவரமாக முடிந்தது; குடிசைகள் எரிந்தன. ‘கருங்காலிகள்’ என்று நம்மைப் பற்றி எழுதிவைத்தார்கள். வேலைநிறுத்தத்தை முடிவு செய்த இடத்தில் அவர்களுக்கு எத்தனை நாற்காலி இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. இன்றைய நோட்டீஸில் இருக்கும் ‘ஏகமனதாக’ என்ற சொல்லுக்கு நூறு வருடம் வயதாகிறது.

அம்பேத்கர் இதை இரண்டு பக்கமும் பார்த்தவர். பம்பாய் ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோர்க்க வேண்டும். தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்களே தடுத்தார்கள். அந்தச் சங்கங்களை அவர் கேள்வி கேட்டார். அதற்காகச் சங்க அரசியலைக் கைவிடவில்லை. மாநகராட்சித் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937 தேர்தலில் வேட்பாளர்களை நிறுத்தினார். 1938இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தமும் நடத்தினார். தேர்தலுக்குள் போனார், ஆனால் தொழிலாளியின் பேரத்தைத் தொழிலாளியின் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

சட்டமும் தடையாக இல்லை. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சங்கம் அரசியலுக்கென்று தனி நிதி வைக்கலாம், உள்ளாட்சி வேட்பாளருக்கும் அதிலிருந்து செலவு செய்யலாம் என்றது. அந்த நிதிக்குப் பணம் தரும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தராதவரை ஒதுக்கவும் கூடாது என்றும் சொன்னது. உறுப்பினரின் சம்மதம் வேண்டும் என்ற யோசனை புதிதல்ல. நூறு வருடமாகச் சட்டத்தில் இருந்ததை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? முதலில், ஆதரவு யாருக்கு என்பதை உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அதில் ஓட்டு இருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும் முடிவு செய்தால், ஆபத்தில் இருப்பவர் வாயடைத்துப் போவார். இரண்டாவது, கோரிக்கைகளை எழுதி எல்லா வேட்பாளர்களிடமும் கொண்டுபோங்கள். கையெழுத்துப் போட்டவர் யார், மறுத்தவர் யார் என்று குடியிருப்புச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவது, வென்றவர் மாமன்றத்தில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று வருடத்துக்கு ஒரு முறை உறுப்பினர் கூட்டத்தில் படியுங்கள். வாக்கு மீறினால் ஆதரவைத் திரும்பப் பெற்றதாகத் தீர்மானம் போட்டு, அதையும் நோட்டீஸாக அடியுங்கள்.

கோரிக்கைகளில் எதை எழுதுவது என்பதிலும் நமக்குள் பேச்சு தேவை. பணி நிரந்தரம் கேட்பது நம் மக்களைக் குப்பை அள்ளும் வேலையிலேயே நிறுத்திவிடாதா என்ற பொருளில் தோழர் திருமாவளவன் 2025இல் எழுப்பிய கேள்வி பெரிய விவாதமானது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இன்று அந்த வேலையில் இருக்கும் அம்மாவுக்கு நிரந்தரச் சம்பளம் இருந்தால்தான் மகள் கல்லூரியை முடிப்பாள். இரண்டையும் சேர்த்தே எழுதலாம். அதையும் அந்த அம்மாக்களே முடிவு செய்யட்டும்.

நியாயமான பயம் ஒன்று உண்டு. சங்கம் ஆதரித்தவர் தோற்று, எதிர்த்தவர் வென்றால், மறுநாள் மேஸ்திரி ‘நீ வர வேண்டாம்’ என்பார். ஒப்பந்தப் பெண்ணுக்கு அது ஒரு மாத அரிசி. அதனால்தான் ரகசிய வாக்கெடுப்பு என்கிறேன், எல்லா வேட்பாளர்களிடமும் போகச் சொல்கிறேன். யாரும் கையெழுத்துப் போடவில்லையா? யாருக்கும் ஆதரவில்லை என்று அறிவிப்பதும் ஒரு முடிவுதான். சில நூறு ஓட்டுகளில் வெற்றி தோல்வி மாறும் வார்டுகளில் அந்த அறிவிப்புக்கும் கனம் உண்டு.

2022இல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து வருடம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது சின்ன வேலை. உங்கள் வார்டில் தெரு பெருக்குபவர்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள், எங்கே ஓட்டுப் போடுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மன்றத் தீர்மானங்களைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் போய் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நீங்களும் சொல்ல வேண்டாம். சொல்வதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.