பூட்டிய அறைகளும் கணக்கில் வர வேண்டும்

சூளூர்பேட்டை ஸ்டேஷனில் ஒரு நாள் விற்ற டிக்கெட்டுகளை மட்டும் எண்ணி, வண்டியில் போனவர்கள் இத்தனை பேர் என்று சொன்னால் அது சரியாக இராது. சீசன் டிக்கெட்காரர்கள் அன்றாடம் கவுண்டருக்கு வருவதில்லை அல்லவா? நோய்க் கணக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களே ஏட்டில் ஏறுகிறார்கள். இலேசான காய்ச்சலோடு வேலைக்குப் போனவரும், காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமந்தவரும் விடுபட்டுப் போகிறார்கள்.

இந்த விடுபட்ட கணக்கை எடுக்கவே ரத்தப் பரிசோதனை ஆய்வு நடத்துகிறார்கள். ஒரு வைரஸ் உடலில் புகுந்தால் அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. கிருமி போன பிறகும் அது பல மாதங்கள் தங்குகிறது. நோய் வந்து போனதற்கு அதுவே சாட்சி. ஊரார் அனைவரையும் சோதிக்க வேண்டியதில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால் போதும். ஊர் நிலை விளங்கிவிடும்.

கொரோனா காலத்தில் இந்த முறை நாட்டுக்குப் பெரிதும் உதவியது. 2020 மே, ஜூன் மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 21 மாநிலங்களில், 70 மாவட்டங்களில், 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தது. இப்பணியில் முன்னின்றது சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். அப்போது சூளூர்பேட்டை சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டமும் அந்த 70-ல் ஒன்று. எதிர்ப்பொருள் காணப்பட்டவர்கள் 0.73 சதவீதம். அற்பமாகத் தோன்றும். ஆனால் நாட்டின் ஜனத்தொகைக்குக் கணக்கிட்டால் 64 லட்சம் பேர்! ஏட்டில் பதிவான ஒரு நோயாளிக்கு 82 முதல் 130 பேர் வரை தொற்று கண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆந்திர அரசு நடத்திய ஆய்வில் மாநிலம் முழுவதற்கும் 19.7 சதவீதம் வந்தது. சித்தூர் மாவட்டத்தில் 20.8, நெல்லூரில் 8.2. 2021 ஜனவரியில் முடிந்த மூன்றாவது தேசிய ஆய்வில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே எதிர்ப்பொருள் இருந்தது. கொரோனா ஒழிந்தது என்று பலர் பேசிய சமயம் அது. மீதி முக்கால் பங்கு மக்கள் நோய்க்கு இலக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஆய்வு எச்சரித்தது. ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை அடித்தபோது அந்த எச்சரிக்கையின் பொருள் எல்லோருக்கும் விளங்கிற்று.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜூலையில் மும்பையில் மூன்று வார்டுகளில் ஆய்வு செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது; மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதமே. நெருக்கமான குடியிருப்பும், பலருக்கும் பொதுவான கழிப்பிடமும் காரணமாகக் கூறப்பட்டன. இரண்டையும் சேர்த்துச் சராசரி மட்டும் சொல்லியிருந்தால் இந்த உண்மை மறைந்து போயிருக்கும்.

தடாவிலும் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்த்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். ரேஷன் கார்டு சொந்த ஊரில், ஆள் இங்கே. ஆய்வுக்காரர்கள் பகலில் வந்தால் கதவில் பூட்டு தொங்கும். சொந்த ஊரில் ஆய்வு நடந்தாலோ அங்கேயும் ஆள் இல்லை. நெருக்கடியில் வாழ்பவர் இரண்டு மாநிலக் கணக்கிலும் இடம் பெறாமல் போனால், அந்தக் கணக்கை நம்பி அனுப்பப்படும் மருந்தும் தடுப்பூசியும் அவரை எப்படி வந்தடையும்?

இனி எந்த நோய்க்காக இத்தகைய ஆய்வு நடந்தாலும், சுகாதார இலாகாவினர் மாலை வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வர வேண்டும். வாடகை அறைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். எல்லைப் பகுதி ஊர்களில் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். சம்மதப் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். சோதனை முடிவு முதலாளியின் காதுக்குப் போகாது என்ற உறுதியும் தேவை.

நமக்கும் கடமை உண்டு. எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதால் இப்போது நோய் இருப்பதாக அர்த்தமில்லை. தடுப்பூசி போட்டிருந்தாலும் அது காணப்படலாம். ஆகவே பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து ஒளிய வேண்டாம். அதே சமயம், இனி நோயே வராது என்பதற்கு அது சர்டிபிகேட்டும் அல்ல.

எடுப்பது சிறிதளவு ரத்தந்தான். கதவைத் தட்டினால் திறந்து, விவரம் கேட்டறிந்து, கையை நீட்டுவோம். நாம் இங்கே இருக்கிறோம் என்பதை அரசாங்கக் கணக்குக்குத் தெரிவிக்க அதுவும் ஒரு வழி.